சிவப்பு எழுத்துகள் கேட்கும் கேள்வி

கணினி அறிவியல் பயிலும் மாணவரிடம் "எதைக் கண்டு அஞ்சுகிறீர்?" என்று கேட்டால், தேர்வு என்பவரைவிடக் கம்பைலர் என்பவரே மிகுதியாக இருப்பர். நாம் எழுதும் நிரலை இயந்திரம் அறியும் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலரின் பணி. 1952இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்கப் பெண்மணி உருவாக்கிய 'ஏ-0' என்ற நிரலே அவ்வகையில் முன்னோடி என்பர். அன்று தொட்டு மனிதரின் உழைப்பைக் குறைத்து வரும் இக்கருவி, நம்மிடம் மட்டும் சிவப்பு எழுத்துகளில் சினந்து பேசுவதாகத் தோன்றுகிறது. அவ்வெழுத்துகளும் ஆங்கிலத்தில்! கடலாடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழ் வழியில் பயின்று வந்த எங்களில் பலர், அவற்றைப் படிக்காமலே திரையை மூடிவிடுவதுண்டு. அச்சம் அகல வேண்டுமானால் அவ்வெழுத்துகள் சொல்வது இன்னதென்று அறிதல் வேண்டும். அதற்கு என் வகுப்புத் தோழியின் நிரல் ஒன்றையே சான்றாகக் கூற விழைகிறேன்.

எங்கள் வட்டாரம் மழையையும் கண்மாயையும் நம்பி வாழும் வட்டாரம். தோழி தன் ஊர்க் கண்மாயின் நீர்மட்டத்தைப் பதிந்து வைக்க 'ரஸ்ட்' மொழியில் ஒரு நிரல் எழுத முனைந்தாள். இரண்டு பதிவேடுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு வாரத்தின் சராசரி நீர்மட்டம் ஒன்று. அது அடிக்கணக்கில், பின்ன எண்ணாக வரும். ஒவ்வொரு மாதத்திலும் மழை பெய்த நாட்கள் மற்றொன்று. அது முழு எண். இரண்டிற்கும் தனித்தனிக் கட்டமைப்பு எழுதுவது வீண் வேலை. ஆகவே பொதுவகைக் கட்டமைப்பு ஒன்றை, அதாவது 'ஜெனரிக் ஸ்ட்ரக்ட்' ஒன்றை வகுத்தாள். ரஸ்ட் மொழி 2021 ஜூன் முதல் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் ஏற்பதால், அதற்குப் 'பதிவேடு' என்றே பெயரிட்டாள்.

பொதுவகைக் கட்டமைப்பு என்பதை நம் ஊர் ஓலைப் பெட்டிக்கு ஒப்பிடலாம். கருப்பட்டி வைக்கலாம், கருவாடும் வைக்கலாம். இன்ன பொருள் என்று பெட்டி முடையும்போது சொல்ல வேண்டியதில்லை. அந்த 'இன்ன பொருள்' என்பதற்கு நிரலில் 'டி' என்னும் எழுத்தை இடுவது வழக்கம்.

பதிவேட்டின் உச்ச அளவைக் கண்டறிய ஒரு செயற்கூறு எழுதியதும் முதல் பிழை வந்தது. 'டி' என்ற வகையை இங்கே காணவில்லை என்றது கம்பைலர். கட்டமைப்பை வகுத்த இடத்தில் 'டி'யை அறிமுகம் செய்திருந்தாலும், அதற்குரிய செயற்கூறுகளைத் தொகுக்கும் 'இம்ப்ளி' பகுதியில் மீண்டும் அறிமுகம் செய்தாக வேண்டும். 'இம்ப்ளி' என்ற சொல்லுக்குப் பின் கோண அடைப்பில் 'டி' என்று எழுதியதும் அப்பிழை நீங்கியது.

அடுத்து வந்தது 'ஈ-0369' என்ற எண்ணுடைய பிழை. பெரிது எது, சிறிது எது என்று ஒப்பிடும் குறியை 'டி' மீது செலுத்த இயலாது என்றது. ஏன்? 'டி' எந்தப் பொருளாகவும் இருக்கலாம் என்று நாம்தாமே கூறினோம்! எல்லாப் பொருளையும் பெரிது சிறிது என்று வரிசைப்படுத்திவிட முடியுமா? வரிசைப்படுத்தக்கூடிய பொருள் மட்டுமே இப்பெட்டிக்குள் வரும் என்று உறுதி கூறுக என்கிறது கம்பைலர். ரஸ்ட் மொழியில் இவ்வுறுதிக்கு 'டிரெய்ட்' என்று பெயர். தோழி 'ஆர்டு' என்ற டிரெய்டைச் சேர்த்தாள். மழை நாட்களின் பதிவேடு உடனே இயங்கியது.

நீர்மட்டப் பதிவேடோ இயங்கவில்லை. "அந்தச் செயற்கூறு இருக்கிறது, ஆயினும் அதன் நிபந்தனைகள் நிறைவேறவில்லை" என்று பொருள்படும் செய்தி வந்தது. "இருக்குங்குது, ஆனா கூப்பிட முடியாதுங்குது. இதெல்லாம் நமக்கு வராதுடி" என்று அவள் எழுந்துவிட்டாள். திட்டப் பணியையே மாற்றித் தரும்படி கேட்கப் போவதாகவும் சொன்னாள். அவளை அமர வைத்து, செய்தியின் அடுத்த வரியை இருவருமாகச் சொல் சொல்லாகப் படித்தோம். பின்ன எண்ணுக்கு 'ஆர்டு' என்னும் பண்பு கிடையாது என்று அங்கே தெளிவாக இருந்தது.

பின்ன எண்களை வரிசைப்படுத்த முடியாதா என்று வியப்புத் தோன்றும். கணினியில் பின்ன எண்களுக்கான ஐ.இ.இ.இ. 754 என்னும் நெறிமுறை 1985இல் வெளியாயிற்று. அதில் 'நான்' என்றொரு மதிப்பு உண்டு. 'எண் அல்லாதது' என்பது அதன் பொருள். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் கிடைப்பது அதுவே. அது எந்த எண்ணைவிடவும் பெரிதன்று, சிறிதன்று. தனக்குத் தானேகூடச் சமமன்று! ஆதலால் பின்ன எண்களுக்கு 'பார்ஷியல் ஆர்டு' என்னும் அரைகுறை வரிசைப் பண்பு மட்டுமே உண்டு. 'ஆர்டு' இருந்த இடத்தில் அதை எழுதினால் பிழை மறைந்துவிடும்.

பிழை மறைந்தால் போதுமா? தோழியின் ஏட்டில், யாரும் மடைப்பக்கம் சென்று அளக்காத வாரங்களும் இருந்தன. அவ்வாரங்களில் கூட்டுத்தொகையும் பூச்சியம், அளந்த நாட்களும் பூச்சியம். சராசரி 'எண் அல்லாதது'. முதல் வாரமே அவ்வாறாயின், அதனோடு எதை ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றே விடை வரும். ஆண்டின் உச்ச நீர்மட்டமும் 'எண் அல்லாதது' என்றே முடியும். மாறாக, அவ்விடத்தில் பூச்சியம் இட்டால் கண்மாய் வறண்டதாகப் பொய்க்கணக்கு ஆகிவிடும். அளக்காத வாரம் வேறு, வறண்ட வாரம் வேறு என்பதை நம் மாவட்டத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளக்காத வாரங்களைப் பதிவேட்டில் சேர்க்காமல், அவற்றின் எண்ணிக்கையைத் தனியே காட்டுமாறு நிரலைத் திருத்தினாள். அவளை எழுந்து போகச் செய்த அச்செய்தியே இவ்வளவையும் சிந்திக்க வைத்தது.

இதே கேள்வியை எல்லா மொழிகளும் இவ்வளவு முன்னதாகக் கேட்பதில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியின் 'டெம்ப்ளேட்' முறையில், பெட்டிக்குள் பொருளை வைக்கும் வேளையில்தான் பெரும்பாலான சோதனை நடக்கும். அதனால் பிழைச்செய்தி பக்கம் பக்கமாக நீள்வதுண்டு. உறுதிகளை முன்கூட்டியே எழுதும் 'கான்செப்ட்' வசதி 2020ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் அதற்கு வந்தது. 'கோ' மொழிக்கோ பொதுவகைகளே 2022 மார்ச்சில்தான் வந்தன.

இவ்வகைப் பிழைகளைத் தீர்க்க நான் கைக்கொள்ளும் முறை எளியது. பத்துப் பிழைகள் வந்தாலும் முதற்பிழையை மட்டும் திருத்தி மீண்டும் இயக்குவேன். மற்றவை பெரும்பாலும் அதன் நிழல்களே. பிழை எண்ணை 'எக்ஸ்பிளைன்' கட்டளையோடு கொடுத்து விளக்கம் பெறுவேன். 'டி'க்குப் பதிலாக முழு எண் வகையையோ பின்ன எண் வகையையோ தற்காலிகமாக இட்டுப் பார்ப்பேன். அப்போது இயங்கினால் குறை கணக்கில் இல்லை, நாம் சொல்லாமல் விட்ட உறுதியில்தான் என்பது விளங்கும். 'டி'யை அறிவித்துவிட்டுக் கட்டமைப்பில் எங்குமே பயன்படுத்தாதிருந்தால் 'ஈ-0392' வரும். அதை நீக்கிவிடுவதே பெரும்பாலும் போதும்.

மாணவ நண்பர்களே! கம்பைலருக்குச் சினமும் இல்லை, ஏளனமும் இல்லை. நாம் சொல்ல மறந்ததை அது கேட்கிறது; அவ்வளவே. அதன் கேள்வி ஆங்கிலத்தில் இருப்பதனால் ஒருவர் இத்துறையை விட்டு விலகுவாராயின், இழப்பு நம் ஊருக்குத்தான். அடிக்கடி நேரும் பிழைகளின் பொருளைத் தமிழில் எழுதி நம் ஆய்வகச் சுவரில் ஒட்டி வைக்கப் பேராசிரியப் பெருமக்கள் இசைவு தர வேண்டுகிறேன். எழுதித் தர நானும் என் தோழியும் ஆயத்தமாக இருக்கிறோம்.