சரிவில் நிற்கும் சாம்பல் மாடுகள்

சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்து மலைச்சரிவு ஒன்றில் கோடை மேய்ச்சல் நடந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளிச் சாம்பல், கழுத்தில் கொஞ்சம் கருமை, மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். இவைதான் ரேட்டியச் சாம்பல் மாடுகள். வளர்ந்த பசுவே சுமார் 400 முதல் 500 கிலோதான் இருக்கும்.

நான் கையை ஊன்றி ஏறிய இடத்தில் அவை நிதானமாக மேய்ந்தன. ஒரு பசு முன்னங்காலை வைத்து, மண் தாங்குகிறதா என்று பார்த்து, பிறகே உடம்பை நகர்த்தியது. கனத்த மாடுகள் நடந்தால் ஈரமான சரிவில் புல்பற்றை பெயர்ந்துவிடும்; பெயர்ந்த இடத்தில் மழைநீர் மண்ணை அரிக்கும். இந்த மாடுகளின் எடை குறைவு என்பதால் சேதமும் குறைவு. அடர்தீவனம் அதிகம் கேட்பதில்லை. பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும் போதும்.

ஆனால் மாட்டின் தரத்தைப் பால் அளவை வைத்தே எடைபோட்ட காலத்தில் இவை தோற்றுப்போயின. பழுப்பு மாடுகள் கொட்டில்களை நிறைத்தன. 1920களில் சுவிட்சர்லாந்தில் இந்த இனமே இல்லாமல் போயிற்று. எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் சில எஞ்சியிருந்தன. 1982இல் தொடங்கப்பட்ட புரோஸ்பெசியேராரா என்ற அமைப்பு 1985இல் அங்கிருந்து மாடுகளைக் கொண்டுவந்து மீண்டும் பெருக்கியது.

மாட்டைக் கொண்டுவந்தால் மட்டும் போதுமா? குளிர்காலம் முழுவதும் அதற்குத் தீனி வேண்டுமே. பிற்பகலில் கீழே இறங்கியபோது, பண்ணைக்காரர் திண்ணையில் உட்கார்ந்து புல்லரிவாளைச் சிறு பட்டடையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நீண்ட பிடியுள்ள அரிவாள் அது. அலகின் ஓரத்தில் விரலளவு நகர்த்தி நகர்த்திச் சுத்தியலடி விழுந்தது. இடையிடையே கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் அழுத்திப் பார்த்தார். அலகு நகத்துக்கு வளைந்து கொடுத்தால் போதுமான அளவு மெலிந்துவிட்டது என்று பொருள். இயந்திரம் ஏறாத சரிவில் விடியற்காலையில், பனி காயும் முன்பே அறுப்பு முடிய வேண்டும். இடுப்பில் தொங்கும் கூட்டில் தண்ணீரும் சாணைக்கல்லும் இருக்கும். அந்தக் கூட்டை முன்பெல்லாம் மாட்டுக் கொம்பில்தான் செய்வார்களாம்.

அவருடைய மாடுகளுக்குக் கொம்பு உண்டு. அதனால் கொட்டிலில் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் இடம் விட வேண்டியிருக்கிறது. கொம்புள்ள மாடுகளை வளர்ப்போருக்கு உதவித்தொகை கேட்டு அர்மின் கப்பவுல் என்ற மலைவிவசாயி கொண்டுவந்த முன்மொழிவு 2018 நவம்பரில் நாடு தழுவிய வாக்கெடுப்புக்குப் போனது; 54.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கூடுதல் இடத்துக்கான செலவு விவசாயியின் தலையிலேயே விழுந்தது.

மாட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு, அதற்காகப் புல்லறுப்பவரை விட்டுவிட முடியாது. சரிவும் புல்லும் மாடும் அரிவாளும் ஒன்றையொன்று நம்பியே நிற்கின்றன. குறைவாகக் கறந்தாலும் மலையை அரிக்காமல் காக்கும் மாட்டின் பாலுக்கும் இறைச்சிக்கும் வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கத்தான் வேண்டும். அந்த விலை கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை அரிவாளைக் கையில் எடுக்கும்.