விழத் தெரிந்தவர்கள்

சர்க்கஸில் பார் விளையாட்டை, அதாவது உயரத்து ஊஞ்சல்களுக்கிடையே பறக்கும் ட்ரப்பீஸை, பெரும்பாலும் கடைசி ஆட்டமாக வைப்பதுதான் வழக்கம். முதல் காரணம் வலை. கூடாரத்தின் குறுக்கே வலையை இழுத்துக் கட்டிவிட்டால் அதன் கீழே வேறெந்த ஆட்டமும் நடக்காது. இரண்டாவது காரணம் கூட்டம். பார் பார்க்காமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள். சிறு வயதில் மதுரை தமுக்கம் மைதானத்துக் கேலரிப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, நாயும் கிளியும் வித்தை காட்டிக்கொண்டிருக்க, என் தம்பி "பார் எப்பப்பா?" என்று அப்பாவை அரித்துக்கொண்டே இருப்பான். வலை ஏறத் தொடங்கியதும் கூடாரமே நிமிர்ந்து உட்காரும்.

பறப்பவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர். பிடிப்பவர் எதிர்ப்புற ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கி ஆடிக்கொண்டிருப்பார். பறப்பவர் மேடைப் பலகையிலிருந்து பாரைப் பற்றிக் குதித்து, வீச்சு உச்சியை நெருங்கும்போது கையை விடுவார். கரணம், திருப்பம் எல்லாம் அந்த அற்ப நேரத்துக்குள் முடிந்து உடம்பு நீண்டிருக்க வேண்டும். உள்ளங்கையை உள்ளங்கை பிடிப்பதில்லை. மணிக்கட்டை மணிக்கட்டு பிடிக்கும். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். பறப்பவர் போய்ப் பற்றிக்கொள்வதாகத்தான் கேலரியிலிருந்து தோன்றும். அவர் கையை நீட்டிக் காத்திருக்கத்தான் வேண்டும். பிடிக்கும் பொறுப்பு பிடிப்பவருடையது. அவசரப்பட்டு இவரே தாவிப் பிடிக்கப் போனால் கணக்கு தவறும், கை ஒடியவும் கூடும். திரும்பி வருவதற்கும் இன்னொருவர் தயவு வேண்டும். காலியாகிப்போன பாரை, மேடையில் நிற்கும் கூட்டாளி தருணம் பார்த்து விட்டால்தான் அது இவர் கைக்கு வந்து சேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடார வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கண்ணூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் பார் ஆடியவர் என்று அருகிலிருந்த கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"விழாம எப்படி ஆடினீங்க சேட்டா?" என்று கேட்டேன்.

"விழாம இருக்கப் படிக்கிறதில்ல சாரே. முதல்ல விழத்தான் படிக்கணும். பறக்கிறது பிறகு" என்றார்.

முதுகு பரவ வலையில் விழ வேண்டும். காலை ஊன்றி விழுந்தால் கணுக்கால் போகும். முகம் கவிழ்ந்து விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. விழுந்த வேகத்தில் வலை மறுபடி மேலே எறியும். அதையும் கணக்கில் வைத்து உடம்பைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். "வலைன்னா மெத்தைன்னு நினைக்கிறீங்க. அது கயிறு சாரே, தோலை உரிச்சிடும்" என்று சிரித்தார். எப்போது ஆட்டத்தை நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "நான் நிறுத்தல்ல. இது நிறுத்திச்சு."

விழுவதற்கு இவ்வளவு பயிற்சி இருக்கிறது. ஒரேயடியாகக் கீழே இறங்கும் நாளுக்கு ஒரு பயிற்சியும் இல்லை. பார் ஆடுபவர்களின் வாழ்க்கையில் எனக்கு மனசு ஒப்பாத இடம் இதுதான். அந்தக் கலையின் வரலாற்றைப் புரட்டினாலும் இதே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது.

பறக்கும் ட்ரப்பீஸை உலகத்துக்குக் காட்டியவர் பிரான்ஸின் துலூஸ் நகரத்து இளைஞர் ஜூல் லியோடார்ட். அப்பா உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவர். 1859 நவம்பர் 12 அன்று பாரிஸின் சிர்க் நெப்போலியன் அரங்கில் ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குத் தாவிக் காட்டினார். அவர் உடுத்திய, உடம்போடு ஒட்டிய ஆடைக்கு இன்றும் அவர் பெயர்தான். இத்தனை உயரத்தில் உயிரைப் பணயம் வைத்தவர், 1870-இல், இன்னும் இளம் வயதிலேயே இறந்தார். கீழே விழுந்து அல்ல, நோய் கண்டு.

அமெரிக்காவில் ஆல்ஃபிரடோ கோடோனா ஒரே பாய்ச்சலில் மூன்று கரணம் போடுவதை நாள்தோறும் செய்துகாட்டிப் புகழின் உச்சிக்குப் போனவர். அதுவரை அந்தக் கரணம் பலரைப் பலிவாங்கியிருந்தது. அவர் மனைவி லில்லியன் லைட்ஸலும் உயரத்தில் ஆடும் பெரிய நட்சத்திரம். 1931 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் அவர் தொங்கிக்கொண்டிருந்த கருவியின் உலோகப் பகுதி உடைந்ததால் கீழே விழுந்தார். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. கோடோனா மறுமணம் செய்துகொண்டார். 1933-இல் அவர் தோள் பழுதாகி, பறப்பது முடிந்துபோயிற்று. அதன்பின் வேறு எந்த வேலையிலும் அவரால் நிலைகொள்ள முடியவில்லை. 1937-இல், விவாகரத்துப் பேச்சு நடந்துகொண்டிருந்த வழக்கறிஞர் அலுவலகத்தில், தன் மனைவி வேரா புரூஸைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தப் பாதகத்துக்கு நியாயம் எதுவும் கிடையாது. பழியைத் தோள்மீது போட்டுவிடவும் முடியாது. ஆனாலும் பாரை விட்ட கைகளுக்கு அடுத்து என்ன வேலை என்று அன்றைய சர்க்கஸ் உலகில் யாரும் யோசித்திருக்கவில்லை என்பதும் உண்மை. கலை மட்டும் நிற்காமல் மேலே போயிற்று. 1982 ஜூலை 10 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் மிகேல் வாஸ்கெஸ் நான்கு கரணம் போட்டார். பிடித்தவர் அவருடைய அண்ணன் ஹுவான்.

நம் பக்கத்துக் கதை தலச்சேரியில் இருக்கிறது. கேக், கிரிக்கெட், சர்க்கஸ் என்று மூன்று பெருமை சொல்வார்கள் அந்த ஊர்க்காரர்கள். 1880-இல் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கிய விஷ்ணுபந்த் சத்ரே, பிற்பாடு தலச்சேரிக்கு வந்தபோது கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்பித்துக்கொண்டிருந்த கீலேரி, 1901-இல் சிறக்கரையில் சர்க்கஸுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் இந்தியாவில் எந்த ஊரில் கூடாரம் போட்டாலும் உள்ளே மலையாளம் கேட்கும் என்ற நிலை அங்கிருந்து வந்ததுதான். பார் ஆடிய ஜெமினி சங்கரன், 1951-இல் ஒரு சிறிய கம்பெனியை வாங்கி ஜெமினி சர்க்கஸ் ஆக்கினார். 2023-இல், நூறை நெருங்கும் வயதில் காலமானார். ஆட்டக்காரர் முதலாளியாகி நிறைவாழ்வு வாழ்ந்த கதை அது. நூற்றில் ஒருவருக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை.

மற்றவர்களின் நாள் எப்படிப் போகும்? காலையில் பயிற்சி. பிறகு ஒரு மணி, நாலு மணி, ஏழு மணி என்று மூன்று காட்சி. கூடாரத்துக்குப் பின்னால் தார்ப்பாய் வீடு, கம்பெனி மெஸ் சாப்பாடு. ஊர் மாறும்போது வீடும் மாறும், பிள்ளைகளின் படிப்பும் மாறும் அல்லது நிற்கும். முப்பதைத் தாண்டியதும் பறப்பவர் மெல்லப் பிடிப்பவராகலாம். அதற்கு உயரமும் வலுவும் வேண்டும். அதன் பிறகு கயிறும் கம்பியும் சரிபார்க்கும் வேலை, சின்னவர்களுக்குப் பயிற்சி, கடைசியில் வாசல். அந்தப் பெரியவர் நின்ற இடம்.

பார் ஆட்டத்துக்கு நடுவே தொளதொள கால்சட்டையோடு ஒரு ஜோக்கர் ஏறுவாரே, நினைவிருக்கிறதா? பாரைத் தவறவிடுவார், கால்சட்டையை இழப்பார், கடைசியில் வலையில் பொத்தென்று விழுவார். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். தப்பாக ஆடுவதைச் சரியாக ஆடிக்காட்டத் தேர்ந்த கை வேண்டும் என்பது அந்த வயதில் உறைக்கவில்லை.

நம் சினிமாவும் பாரை விட்டுவைக்கவில்லை. 1948-இல் வாசனின் 'சந்திரலேகா'வுக்காக நிஜ சர்க்கஸ் கம்பெனிகளே வந்து ஆடின. 1966-இல் 'பறக்கும் பாவை'யில் கதையே கூடாரத்துக்குள் போயிற்று. 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' அப்புவுக்குச் சர்க்கஸ்தான் வீடு. திரையில் கதாநாயகி பாரில் ஏறினால் பாட்டு முடிந்ததும் இறங்கிவிடுவாள். நெருக்கக் காட்சியில் முகம் நட்சத்திரத்துடையது. பறக்கும் உடம்பு பெரும்பாலும் பெயர் தெரியாத ஒருவருடையது.

திரைக்கு வெளியே நிஜக் கூடாரங்களும் மாறின. 1998-இல் இந்தியாவில் புலி, சிங்கம், கரடி, குரங்கு போன்ற விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2011 ஏப்ரலில் சிறுவர்களைச் சர்க்கஸில் அமர்த்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டும் சரியான தீர்ப்புகள். நேபாளத்திலிருந்தும் ஏழை ஊர்களிலிருந்தும் அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் பட்ட பாட்டைக் கேட்டவர்கள் யாரும் அந்தப் பழைய நாட்களுக்கு ஏங்க மாட்டார்கள். ஆனால் இந்த உடம்புக் கலை சிறு வயதில் கற்க வேண்டியது. கூடாரத்துக்குள் கற்கக் கூடாது என்றால் வெளியே கற்பதற்கு ஓர் இடம் வேண்டுமே.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1981-இல் தேசிய சர்க்கஸ் பள்ளி தொடங்கியது. பிரான்ஸில் ஷாலோன் நகரத்துத் தேசிய சர்க்கஸ் கலை மையம் 1985-இல் வந்தது. நம்மிடமும் 2010-இல் தலச்சேரியில் கேரள அரசு ஒரு சர்க்கஸ் அகாதெமியைத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. கீலேரி தனியொருவராக நடத்திக்காட்டியதை நூறாண்டு கழித்து ஓர் அரசாங்கத்தால் நடத்த முடியவில்லை.

ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது என்பதற்காகக் கேரளத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பார் ஆடுபவர் ஒரு மாநிலத்தில் பிறந்து, பத்து மாநிலங்களில் ஆடி, பதினோராவது மாநிலத்தில் தோளை முறித்துக்கொள்கிறார். அவருடைய மருத்துவச் செலவுக்கும் முதுமைக்கும் எந்த மாநிலம் பொறுப்பு? மைய அரசு ஒரு பதிவேடும், விபத்துக் காப்பீடும், எந்த ஊரிலும் செல்லும் ஓய்வூதியமும் கொண்டுவந்தால்தான் இதற்கு விடிவு. பிள்ளைகள் படித்துக்கொண்டே கற்கும் ஒரு பள்ளியும் வேண்டும், மூடாத பள்ளியாக. அதுவரை நம்மால் முடிந்தது ஒன்றுண்டு. உங்கள் ஊரில் கூடாரம் போட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பார் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். பறப்பவருக்குக் கைதட்டும்போது பிடிப்பவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள். வெளியே வரும்போது வாசலில் டிக்கெட் கிழித்தவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவரும் மேலே இருந்தவராக இருக்கலாம்.