ஈட்டி மரம் யாருக்குச் சொந்தம்?

மூணாற்றின் தேயிலைச் சரிவுகளில் நிழலுக்காக நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரம் விரைந்து வளர்வது. அங்கிருந்து மலையிறங்கி இலையுதிர் காடுகளை அடைந்தால், இம்மண்ணுக்கே உரிய ஈட்டியைக் காணலாம். தோதகத்தி என்றும் வழங்கப்பெறும் இதன் தாவரவியற் பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா.

ஈட்டியின் மதிப்பு அதன் வைரத்தில் இருக்கிறது. வெளிமரம் வெளிர்மஞ்சள், வைரமோ பொன்பழுப்பு முதல் கருஞ்சிவப்பு, ஊதா வரை நிறம் கொண்டு, இடையிடையே கருங்கோடுகள் ஓட நிற்பது. புதிதாக அறுக்கையில் மெல்லிய நறுமணம் எழும். கறையான் எளிதில் அரிக்காது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இழைப்புளிக்கு அவ்வளவு எளிதில் இணங்காது. கட்டிலும் கதவும் மட்டுமல்ல, மைசூரின் மரப்பதிப்பு வேலைக்கும் கிட்டாரின் முதுகுப் பலகைக்கும் இதுவே உகந்தது. ஆனால் அவ்வைரம் முதிரப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஒரு தலைமுறை நட்டதை அடுத்த தலைமுறைகளே அறுக்க இயலும்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. கேரளத்தின் 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டா பெற்ற நிலங்களில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கென ஒதுக்கப்பட்டவை. நிலம் உழவருடையது, மரம் அரசுடையது. 2020 அக்டோபரில் வெளியான அரசாணை ஒன்று சந்தனம் நீங்கலான மரங்களை வெட்ட இடந்தந்தது. அதைக் காட்டி வயநாட்டின் முட்டிலில் நூற்றுக்கும் மேற்பட்ட முதிய ஈட்டிகள் வீழ்த்தப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது, வெட்டியது குற்றவழக்காயிற்று. மரம் நின்ற நிலங்களுள் பல பழங்குடியினருடையவை.

பன்னாட்டு அளவில் 2017 முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது. இவையெல்லாம் நிற்கும் மரத்தைக் காக்கும் முயற்சிகள். நாளைய மரத்தை யார் காப்பது? தன் நிலத்தில் தானே முளைக்கும் ஈட்டிக் கன்று தனக்கு உரிமையாகாது என்றறிந்த உழவருக்கு, அதைப் பேணக் காரணமில்லை. களையோடு களையாகப் பிடுங்கிவிடக் காரணமுண்டு. சில்வர் ஓக்கோ அவருக்கே பயன்தரும். முதிர்ந்த ஈட்டியை வெட்டினால் வழக்கு உண்டு. பிடுங்கி எறியப்படும் கன்றுக்கு வழக்குமில்லை, கணக்குமில்லை. நட்டவருக்கே மரத்தில் பங்குண்டு என்னும் உறுதியைச் சட்டம் தராதவரை, காவல் மட்டுமே ஈட்டியைப் பெருக்கிவிடாது.