விழும் இடம்

இரும்புக்குண்டை உருட்டிவிடப் பழக அதிக நாள் பிடிக்காது. உயரத் தூக்கிப் போட்டு, விழுந்த இடத்திலேயே நிற்க வைப்பதுதான் வித்தை. அந்த வித்தை பழகுகிறவர்களைப் பார்க்கத்தான் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் மாலை வேளைகளில் அலைந்தேன்.

தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில், 1900-களின் தொடக்கத்தில் பிறந்த இந்தக் குண்டாட்டத்தின் பெயர் பெத்தாங். மூட்டுவலியால் ஓடிவந்து எறிய முடியாமல்போன ஷூல் லெனுவார் என்ற ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியும் ஆட்டமாகப் பழைய குண்டாட்டத்தை மாற்றினார்கள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டு வந்தது. ஆனால் அவர்கள் ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்கள் அதை விடாமல் ஆடினார்கள்.

பாகூர்ப் பக்கத்துத் தரிசு ஒன்றில் நான் பார்த்த ஆசானான பெரியவரும் ஒரு சொல்தாதான். பழகியவர் கொத்தனார். ஆறிலிருந்து பத்து மீட்டருக்குள் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக்குண்டைச் சேர்க்க வேண்டும். வழியில் எதிராளியின் குண்டுகள் கிடந்தால் உருட்டிப் பயனில்லை. மேலே போய்த்தான் இறங்க வேண்டும்.

கொத்தனாருக்குத் தோளில் பலம் அதிகம். குண்டு தாழப் பறந்து, விழுந்த வேகத்தில் வெகுதூரம் ஓடியது. பெரியவர் மரக்குண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது கிடந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கோணியை விரித்தார்.

“போய்ச் சேர்ற எடத்தப் பாக்காதடா தம்பி. விழுற எடத்தப் பாரு. மிச்சத்த மண்ணு பாத்துக்கும்.”

“கை தானா இழுக்குது பெரியப்பா.”

“இழுக்கட்டும். விரலத் தொற.”

உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை உள்ளே மடக்கி, கை முன்னால் உயரும்போது விரல்களை ஒன்றாக விரிக்க வேண்டும். குண்டு பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்பும். ஏழு மீட்டர் தூரத்துக்கு மூன்று மீட்டர் உயரம் எழுந்தால் ஏறக்குறைய அறுபது பாகையில் இறங்கும். சரிவு அவ்வளவு செங்குத்தாக இருந்தால் முன்னோக்கிய வேகம் குறைவு. மிஞ்சியதைப் பின்சுழற்சி தின்றுவிடும். கோல்ஃபில் பில் மிக்கல்சன் பெயர்பெற்ற உயர அடியும் இதே கணக்குதான். ஆனால் அங்கே அறுபது பாகை சாய்ந்த மட்டைமுகம் பாதி வேலையைச் செய்துகொடுக்கும். இங்கே எழுநூறு கிராம் இரும்பும் வெறுங்கையும் மட்டுமே. இதையே கடினமானது என்பேன்.

மண்ணைப் படிப்பது தனிக் கல்வி. சங்கராபரணிக் கரையின் மணலில் குண்டு புதைந்து நின்றுவிடும். இலக்கை ஒட்டியே போடலாம். பாகூர் வயல்களின் களிமண் காய்ந்தால் பாறைபோல் இறுகி, குண்டைத் துள்ளவிடும். கொத்தனார் எறிவதற்கு முன் நடந்துபோய்க் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். அஸ்திவாரம் தோண்டிய கால் அது. அந்த ஒன்றில் பெரியவர் அவரைத் திருத்தவே இல்லை.

பதினைந்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் இருந்தால் முறையான களம் தயார். மனைக்கல் நடப்பட்டு வரும் இந்தக் கொம்யூன் பஞ்சாயத்துகளில், பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் அவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இருட்டும்போது குண்டுகள் கோணியிலேயே விழத் தொடங்கியிருந்தன. பெரியவர் எறிய நிற்கும் வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு, இரண்டு மீட்டர் பின்னால் தள்ளிப் புதிதாகக் கீறினார்.