மலை மேல் ஒரு நூலகம், மழை நாளில்

ஏற்காடு என்றால் பலருக்கும் ஏரி, படகு, லேடீஸ் சீட், கோடை விழா மலர்க் கண்காட்சி... அவ்வளவுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுற்றிப் பார்த்து, கொஞ்சம் மிளகும் காப்பித் தூளும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சேர்வராயன் மலையில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் நடக்கிறது. படிப்பு! 1917 இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியைப் பற்றி ஊருக்கே தெரியும். குருக்களாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் இல்லங்களும் அங்கே உண்டு. சலேசிய சபையின் 'ரிட்ரீட்' அதில் ஒன்று.

இந்த மாதிரி ஒரு மலைக் குருமடத்தில் நூலகம் நடத்துவது என்ன அவ்வளவு பெரிய வேலையா? கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முதலில், யாருக்காக இந்த நூலகம்? கத்தோலிக்கக் குருவாக வேண்டுமென்றால் தத்துவம் இரண்டு மூன்று வருடம், அதன் பிறகு இறையியல் நான்கு வருடம் படிக்க வேண்டும். அந்தக் குருமாணவர்களை எல்லோரும் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் நாள் முழுக்க மணி அடித்து நடக்கும். ஜெபம், திருப்பலி, வகுப்பு, தோட்ட வேலை, விளையாட்டு, மறுபடி ஜெபம். நடுவில் கிடைக்கும் துண்டு நேரம்தான் நூலகத்துக்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டவுன் கல்லூரியில் மாணவர்கள் நாள் முழுக்க ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். குருமடத்தில் எல்லோருக்கும் ஒரே கால அட்டவணை. எனவே மணி அடித்ததும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், அதுவும் ஒரே பேராசிரியர் சொன்ன ஒரே புத்தகத்துக்காக! இருப்பதோ ஒரு பிரதி. அதை வெளியே தராமல் தனி அலமாரியில் வைத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்வதும், ராத்திரிக்கு மட்டும் தந்து காலை வகுப்புக்கு முன் திருப்பி வாங்குவதும்தான் வழி. நாள் தாண்டினால் அபராதம் போட்டும் பெரிய பலன் இல்லை. பிரதர் கையில் காசு ஏது?

அடுத்தது அடுக்கும் பிரச்னை. நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில் பழகிய டூயி முறையில் 100 தத்துவத்துக்கு, 200 சமயத்துக்கு. பொது நூலகத்துக்கு இது போதும். குருமடத்தில் பாதிப் புத்தகம் 200க்குள் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? பைபிள் 220 என்ற ஒரே எண்ணின் கீழ் சுவர் நிறைய நிற்கும். புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீண்டுகொண்டே போகும். நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் ஜூலியா பெட்டி என்ற நூலகர் இதற்காகவே ஒரு தனி வகைப்பாட்டை உருவாக்கினார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933 இல் கோலன் வகைப்பாட்டைத் தந்தார். எந்த முறையாக இருந்தாலும், அதை அலமாரியில் நடத்திக் காட்டுவது நூலகப் பொறுப்பு கிடைத்த அந்தப் பிரதர்தான். ஒருவர் பழகி முடிப்பதற்குள் படிப்பு முடிந்து போய்விடுவார், அடுத்தவர் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் அன்றாட வேலை. இனி இடைஞ்சல்களுக்கு வருவோம்.

ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிக்குப் பிடித்த பனிமூட்டம்தான் புத்தகத்துக்கு முதல் எதிரி. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் காகிதத்திலும் அட்டைப் பசையிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. வெள்ளிப்பூச்சிக்கும் ராமபாணப் பூச்சிக்கும் இது கொண்டாட்டம். அந்துருண்டை போடுவார்கள். நம் பெரியவர்கள் ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் உண்மையான மருந்து காற்றோட்டமும், புத்தகத்தை அவ்வப்போது எடுத்துப் புரட்டுவதும்தான். யாரும் தொடாத புத்தகம்தான் முதலில் சாகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த நூலகங்களுக்கு இந்த ஆபத்து இருந்தது.

அடுத்தது கரண்ட். 2012 இல் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது போன பிறகும், மலையில் ஒரு மரம் கம்பி மேல் விழுந்தால் போதும்.

மூன்றாவது, சாலை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அதைத் தொடர்ந்து டிசம்பர் முதல் நாட்களில் ஏற்காட்டில் கொட்டித் தீர்த்த மழையில் சேலம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. டவுனில் இந்த இடைஞ்சல்கள் பெரும்பாலும் தனித்தனியாக வரும். மலையில் மூன்றும் சேர்ந்து வரும்! மழை பெய்யும், கூரை ஒழுகும், கரண்ட் போகும், சாலை மூடும். நனைந்த புத்தகத்தை ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்துவதற்கு மின்விசிறி வேண்டும், ஆனால் கரண்ட் இல்லை. கீழிருந்து ஆள் கூப்பிடலாமென்றால் பாதை இல்லை. எந்த அலமாரியில் எது இருந்தது என்று கணினியில் பார்க்கலாமென்றால் அதுவும் ஓடாது.

அதனால்தான் பழைய அட்டைப் பட்டியலையும் கையால் எழுதிய பதிவேட்டையும் 'இனி எதற்கு' என்று தூக்கிப் போடக் கூடாது. ஒரு டார்ச் லைட் இருந்தால் அது வேலை செய்யும். பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, பிளாஸ்டிக் விரிப்பு, தார்ப்பாய், எந்தப் புத்தகத்தை முதலில் தூக்க வேண்டும் என்ற ஒரு பக்கப் பட்டியல். இவ்வளவும் சேர்த்து ஆகும் செலவு ஒரு நல்ல அகராதியின் விலை கூட இருக்காது.

'நாலு பழைய ஜெபப் புத்தகத்துக்கு இவ்வளவா?' என்று கேட்கலாம். சேலம் மறைமாவட்டம் 1930 இல் உருவானபோது அதன் முதல் ஆயர் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த புருனியே. அப்படி வந்தவர்கள் எழுதி வைத்தவற்றில் ஜெபம் மட்டும் இருக்காது. ஊரும், பஞ்சமும், பேச்சு வழக்கும் இருக்கும். பழைய சமய நூல்களுக்கு நம் நாட்டில் என்ன கதி ஆனது என்று பாருங்கள். 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலைப் பார்க்க இன்று அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போக வேண்டும். 1679 இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சிட்ட புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்துத்தான் 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவர முடிந்தது. அச்சடித்த மண்ணில் தேடிக் கிடைக்காதவை, கடல் தாண்டிய அலமாரியில் பிழைத்திருந்தன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. தீயைக் கண்டு தமிழறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்விட்டார் என்று சொல்வார்கள். தீ ஒரே இரவில் செய்ததைப் பூஞ்சை முப்பது வருடத்தில் செய்யும். ஆனால் செய்தியாக வராது, யாரும் அழவும் மாட்டார்கள்.

எனவே அடுத்த முறை ஏற்காட்டில் மேகம் இறங்கி வரும்போது, படம் எடுங்கள், தப்பில்லை. அந்த நேரத்தில் ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ ஒருவர் ஓடிப்போய் ஜன்னல் சாத்திக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊர் நூலகத்தில் மழை நாளில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!