வானம் ஒண்ணு, வால் ரெண்டு!

போளூரில் பஸ் ஏறும்போது முதுகில் வழிந்த வியர்வை, ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது காய்ந்துவிட்டது. வளைவுகளில் குடல் ஒருமுறை இடம் மாறித் திரும்பியதைத் தவிர, ஜவ்வாது மலைப் பயணத்தில் குறையொன்றும் இல்லை.

"ஆயிரம் அடி ஏறினா சுமாரா ரெண்டு டிகிரி குறையும் மாமா" என்றான் அக்கா பையன். அரிசோனாவில் 200 மணி நேரத்துக்கு மேல் பறந்து, அமெரிக்க கமர்ஷியல் பைலட் லைசென்ஸோடு திரும்பியவன். எல்லாம் அக்கா நிலத்தை அடகு வைத்த பணம். வந்து எட்டு மாசமாக வீட்டில்தான் 'பார்க்கிங்'! படிக்க அமைதி வேண்டுமென்றான், கூட்டி வந்தேன்.

கோலப்பன் ஏரிக்கரையில் கேட்டேன். "ஏண்டா, வானம் ஒண்ணுதானே? அங்கே ஓட்டினவன் இங்கே ஓட்டக் கூடாதா?"

"லைசென்ஸ் வானத்துக்கு இல்லே மாமா, வாலுக்கு!"

விஷயம் இதுதான். 1944-ல் சிகாகோவில் போட்ட உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ, அந்த நாடு கொடுத்த அல்லது ஒப்புக்கொண்ட லைசென்ஸ்தான் செல்லும். பதிவெண் 'என்' என்று ஆரம்பித்தால் அமெரிக்கா. 'வி.டி.' என்றால் இந்தியா. அதை ஓட்ட டெல்லி டி.ஜி.சி.ஏ. மனசு வைக்க வேண்டும். மெடிக்கல், ரேடியோ பேசும் பரீட்சை, லைசென்ஸ் அசல்தான் என்று அந்த நாட்டிலிருந்து கடிதம்... எல்லாவற்றுக்கும் மேலே எழுத்துப் பரீட்சை. 70 மார்க் எடுத்தால் பாஸ். நம்மாள் விதிமுறைப் பேப்பரைத் தாண்டிவிட்டான். நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த பேப்பரில் 63!

'ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவனை எதற்கு வதைக்கிறார்கள்?' என்று எனக்கும் கோபம்தான். அவன் நோட்டைப் புரட்டியதும் பாதி தணிந்தது. உயரம் காட்டும் கருவிக்கு அங்கே காற்றழுத்தம் அங்குலக் கணக்கில், 29.92. இங்கே ஹெக்டோபாஸ்கல், 1013. பழக்கதோஷத்தில் ஒரு எண்ணைத் தப்பாக வைத்தால், மலை இருக்கும் இடத்தில் மலை இல்லை என்று கருவி சொல்லும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. அரிசோனா பாலைவனத்தில் அதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

மறுநாள் ஆலங்காயம் ரோட்டில் காவலூர் போனோம். 1986 ஜனவரியில் அங்கேயுள்ள வானாய்வுக் கூடத்துக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டிய ராஜீவ் காந்தியும் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்தான் என்றேன், தெம்பூட்ட.

"அவர் டெல்லியிலேயே கத்துக்கிட்டார் மாமா" என்று பெருமூச்சு விட்டான். தெம்பு அவ்வளவுதான்!

திரும்பி வந்து டீ குடிக்கும்போது மேற்கே மேகம் திரண்டது. பையன் உற்சாகமாகிவிட்டான். "அது குமுலோநிம்பஸ். காத்து இந்தப் பக்கம் திரும்பினா, இன்னும் அரை மணியிலே..."

எதிர்வீட்டுப் பாட்டி அதற்குள் முற்றத்தில் காய்ந்த சாமையை வாரி, படுதாவில் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பையன் பேச்சை நிறுத்தினான். ரோட்டைத் தாண்டிப் போய், "எப்படி பாட்டி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். கையில் நோட்டு.