எதற்காக மாற்றுகிறோம்?

மேற்கத்திய மாண்டலினுக்கு எட்டுத் தந்தி. இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு ஜோடி. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பது பெரும்பாடு. மீட்டிய ஒலியும் சட்டென்று அடங்கிவிடும். யு. ஸ்ரீனிவாஸ் கையில் இருந்ததோ எலக்ட்ரிக் மாண்டலின்; அதில் ஒற்றைத் தந்திகள் ஐந்து. ஒற்றைத் தந்தி விரலுக்கு வளைந்துகொடுத்தது, மின்சாரம் நாதத்தை நீட்டிக்கொடுத்தது. 2014-இல் 45 வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். கருவியை எதற்காக மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

உழவர்கரையில், ரெட்டியார்பாளையத்து வீட்டு மாடியில், எலக்ட்ரிக் கிதார்களைப் பிரித்துக் கோர்ப்பது என் பொழுதுபோக்கு. "அண்ணே, எந்த கம்பெனி வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் நீளத்தைப் பாருங்கள் என்பேன். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் சுமார் 628. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர்தான். ஆனால் அதே கனமுள்ள தந்தியை அதே சுருதிக்கு முறுக்கினால், குட்டையான கிதாரில் இழுவிசை குறையும். தந்தி லேசாக வளையும். சின்னக் கைக்கும் கமகம் தேடும் விரலுக்கும் அதுவே பெரிய உதவி.

விரல்நுனி மரத்தில் உரசுவதும் இழுப்பைத் தடுக்கும். வீணையில் அந்தத் தடை கிடையாது. மெழுகின் மேல் நிற்கும் மெட்டுகளுக்கு நடுவே தந்தி அந்தரத்தில் இருப்பதால் விரல் தாராளமாக இழுக்கும். சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின், தன் கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையிலிருந்த மரத்தைக் குழிவாகச் செதுக்கவைத்தது இதற்காகத்தான். ராணிப்பேட்டையிலிருந்து வந்த பிரசன்னா எலக்ட்ரிக் கிதாரில் கர்நாடக இசைக் கச்சேரியே செய்கிறார்.

கிதாரின் உள்ளே எனக்கு மிகவும் பிடித்த இடம் பிக்கப். காந்தத்தைச் சுற்றி 42 கேஜ் செப்புக் கம்பி, சுமார் எட்டாயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஒருமுறை பேச்சுமூச்சில்லாத ஒரு பிக்கப்பை மேட்டுப்பாளையம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பெரியவரிடம் எடுத்துப்போனேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர், "தம்பி, இது கம்பியா, சிலந்தி நூலா?" என்றார். வெளிமுனையில், ஈயம் வைத்த இடத்தில், உப்புக்காற்றில் பச்சை பூத்து கம்பி அறுந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, புதிதாக ஈயம் வைத்தார். மீட்டர் 6 கிலோ ஓம் காட்டியது. அந்தப் பிக்கப் இன்றும் பாடுகிறது.

ஒற்றைக் காயில் பிக்கப் தந்தியோடு சேர்த்து வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் பிடித்துக்கொள்ளும். 1955-இல் கிப்சனில் சேத் லவர் இதற்கு வழி கண்டார். இரண்டு காயில்களைச் சுற்றும் திசையிலும் காந்த முனையிலும் எதிரெதிராக அமைத்தார். முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஆனாலும் பிக்கப் மாற்றக் கிளம்பும் பிள்ளைகளை நான் கொஞ்சம் நிறுத்திவைப்பேன். ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்து நெக் வளைந்திருக்கலாம். நெக்கை நிமிர்த்தும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாமல், திருப்பியபின் பொறுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து 12-ஆவது ஃப்ரெட். அங்கே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு ஸ்வரம். அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் வர வேண்டும். அழுத்தும்போது சுருதி ஏறினால் பிரிட்ஜில் உள்ள சேடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியை நீட்ட வேண்டும், இறங்கினால் முன்னுக்கு. செலவே இல்லாத இந்த வேலை முடிந்ததும், தூக்கிப்போட இருந்த கிதாரைப் பல பிள்ளைகள் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

காது பழகுவதும் இந்த வேலையில்தான். விலை உயர்ந்த கிதார் வாங்கித் தரும் பெற்றோர், கூடவே ஒரு திருப்புளியும் ட்யூனரும் வாங்கித் தந்தால் பிள்ளை இரண்டு மடங்கு கற்றுக்கொள்ளும். எதை மாற்றும் முன்பும் ஒரு கேள்வி போதும்: நான் வாசிக்க நினைக்கும் எதை இந்தக் கருவி தர மறுக்கிறது? பதில் தெரிந்தால் திருப்புளியை எடுங்கள். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வாசியுங்கள், கருவியே சொல்லிவிடும்.